வாளி இல்லாத நிலவறை

பள்ளியில் போர்க்கால வாழ்க்கைக் கண்காட்சி என்று அறிவித்ததும் நாடகக் குழுவில் எல்லோரையும் முந்திக்கொண்டு கையைத் தூக்கியவள் சின்னவள். வீட்டில் கடைக்குட்டி என்பதால் வந்த பெயர், பள்ளியிலும் ஒட்டிக்கொண்டது. வேதியியல் கூடத்தைக் கறுப்புத் துணியால் மூடி, பேட்டரி மெழுகுவத்தி வைத்து, கைப்பேசியில் அபாயச் சங்கை ஊதவிட்டு, ஒரு நிலவறையைச் செய்து முடித்தார்கள். பேச ஆள் வேண்டுமே? பெரியம்மாவைக் கூப்பிட்டாள்.

பெரியம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். போரில் அவளுக்குப் பதினோரு வயது.

"அதுல பேச என்னடி இருக்கு? நாத்தம்தான்" என்றாள். ஆனாலும் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

உள்ளே நுழைந்து சுற்றிலும் பார்த்தாள். கையில் சிவப்புச் சாயம் பூசிய கட்டோடு ஒருத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். 'போர்க்கால ரொட்டி' என்று எழுதிய தட்டில் வெண்ணெய் தடவிய துண்டுகள்.

"வாளி எங்கடி?"

"எந்த வாளி பெரியம்மா?"

"அப்புறம் எதுல போறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பள்ளியின் துணை முதல்வர் மைக்கை எடுத்துச் சமாளித்தார். "அந்தக் கஷ்டத்துலயும் எல்லாரும் ஒத்துமையா இருந்தீங்க இல்லையா? அதப் பத்திப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்கம்மா."

"ஒரே குடும்பமா இருந்தோம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

பிறகு பெரியம்மா நிறுத்தவில்லை.

"அச்சகத்துக்கு அடியில ஒரு அறை. கால் நீட்ட இடமில்லாம ஜனம். ஒரே வாளி. மறைப்புக்குக் கிழிஞ்ச போர்வை. வெளிய குண்டு விழுறப்ப வாளியத் தூக்கிட்டு யார் போவா? வழிஞ்சு ஓடும். அதுலயே படுப்போம். டாக்டரோட பொண்டாட்டி போர்வைக்குள்ள ஜாம் தின்னுவா. ஸ்பூன் பாட்டில்ல படுற சத்தம் எல்லாருக்கும் கேக்கும். பசியில பிள்ளைங்க அழும். அவ நிறுத்த மாட்டா, ஸ்பூன மட்டும் மெதுவா விடுவா."

முன்வரிசையில் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓங்கரிப்பதுபோல் நடித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் குலுங்கினார்கள்.

"என் தங்கச்சிக்கு ரெண்டு வயசு. வயித்தால போக ஆரம்பிச்சுது. நாத்தம் தாங்கலன்னு எல்லாரும் சேந்து எங்கம்மாகிட்ட, 'அத வெளிய வச்சிட்டு வா'ன்னாங்க. பிள்ளன்னுகூடச் சொல்லல. அதுல மட்டும் ஒத்துமை. எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு வெளிய வந்து படிக்கு அடியில உக்காந்தா. பின்னாலயே உள்ள தாழ் போட்டாங்க."

"சரி, ஒரு நல்ல செய்தியோட முடிச்சுக்கலாம்" என்று துணை முதல்வர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

சின்னவளுக்குக் குமட்டியது. வாளியை நினைத்துத்தான் முதலில். அப்புறம் கைதட்டிக்கொண்டே ரொட்டியை மென்ற வாய்களைப் பார்க்கப் பார்க்க. பெரியம்மாவுக்கு ஒரே தங்கை. அது சின்னவளுடைய அம்மா.

அன்று மாலை கேட்டாள். "உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா பஸ் கண்டக்டர். காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும். தின்னுற நேரத்துல அந்தப் பேச்சு எதுக்கு?"

வாரக் கடைசியில் பள்ளி இணையத்தில் ஒரு வீடியோ போட்டது. பின்னணியில் வயலின் அழுதது. பெரியம்மாவின் முகம் வந்தது. "ஒரே குடும்பமா இருந்தோம்" என்றாள். அதோடு வெட்டியிருந்தார்கள். கீழே கும்பிடும் கைகளும் இதயங்களுமாகக் குவிந்திருந்தன.

சின்னவள் அதன் அடியிலேயே முழுக் கதையையும் எழுதினாள். அழித்தார்கள். மறுபடி எழுதினாள். மறுநாள் அம்மாவுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

அம்மா டியூட்டி நடுவில் சீருடையோடு வந்தாள். துணை முதல்வர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "உங்க பொண்ணு பள்ளிக்கூட வீடியோவுக்குக் கீழ அசிங்க அசிங்கமா எழுதுதும்மா. நாங்க நல்லதத்தான காட்டுறோம்?"

"அவ எழுதுனதுல எது சார் பொய்? வயித்தால போன பிள்ள நான்தான்."

துணை முதல்வர் டீ கோப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்து, அதைத் தட்டால் மூடினார். தான் செய்தது அவருக்கே தெரியவில்லை. சின்னவள் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

"பாத்தியாடி, இன்னும் நாறுது போல" என்று அம்மா எழுந்தாள். "வா, எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

வாசலில் சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். அம்மா முதுகைத் தடவிவிட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

வீடியோவை யாரும் நீக்கவில்லை. அடுத்த கண்காட்சிக்கும் அதையே போடப் போகிறார்களாம். சின்னவள் நாடகக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். துணை முதல்வர் எதிரே வந்தால் வணக்கம் சொல்லாமல் கடந்துபோகிறாள், திமிர் என்கிறார்கள்.