கைகளை எங்கே வைப்பது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகைக்கு, மேடையில் பேசும்போது உடல்மொழி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கைகளைப் பின்னால் கட்டாதீர்கள், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு... அதற்குள் பேருந்துப் பணிமனை மெக்கானிக் ஒருவர் கதைக்குள் வந்து நின்றுவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

'அவருக்குப் பேச வராது' என்று ஆரம்பித்தேன். (தப்பு. கியர்பாக்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வாய் ஓயாது. மனசைப் பற்றிக் கேட்டால்தான் ஊமை.)

2

பணிமனையை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. நிர்வாகத்தின் முன் எல்லோருக்காகவும் பத்து நிமிடம் பேச ஆள் வேண்டும். இவர் மாட்டிக்கொண்டார்.

ஒத்திகை பார்த்துக் கைபேசியில் வீடியோ எடுத்தார். பிடிபட்ட திருடன் மாதிரி நின்றிருந்தார். யாரிடம் காட்டுவது? மனைவி பிசியோதெரபிஸ்ட். வேறு ஊரில் வேலை கிடைத்து அவள் போய் மூன்று வருடம். சண்டையெல்லாம் இல்லை. "கூட வர்றீங்களா?" என்று கேட்டாள், இவர் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அவளுக்கே அனுப்பினார். அரை மணியில் குரல் பதிவு வந்தது.

"கையை ஏன் பின்னால கட்டியிருக்கீங்க? யாராவது அடிக்கப்போறாங்களா? தோள் காது வரைக்கும் ஏறியிருக்கு. மூச்சை விட்டு இறக்குங்க."

மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பதினோரு தடவை கேட்டார்.

3

தினமும் ஒரு வீடியோ. தினமும் ஒரு திருத்தம். "விரலை நீட்டாதீங்க, உள்ளங்கையைக் காட்டுங்க." "தரையைப் பார்த்து யார்கிட்ட பேசறீங்க?" ஒன்பதாம் நாள் இரண்டே வார்த்தை: "நல்லா இருக்கு."

அதற்கு மேல் ஏதாவது வருமா என்று இரவு வரை கைபேசியைத் திறந்து திறந்து பார்த்தார்.

மறுநாள் வேண்டுமென்றே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசி அனுப்பினார். (ஒரு போல்ட்டைக்கூடத் தளர்வாக விட மனம் வராத ஆள் இப்படிச் செய்வாரா? நம்பாமல் அந்த வரியை இரண்டு முறை அழித்தேன். மூன்றாம் முறையும் அதையேதான் செய்தார்.)

அவள் கூப்பிட்டாள்.

"வேணும்னே பண்றீங்கல்ல?"

"ஆமா."

"ஏன்?"

"சரியாப் பண்ணிட்டா நீ பேசமாட்ட."

"பேஷண்ட் வந்துட்டாங்க," என்று வைத்துவிட்டாள்.

4

பணிமனையிலேயே நடந்த கூட்டத்தில் நன்றாகவே பேசினார். தோள் இறங்கியிருந்தது. கை, சொல்லோடு சேர்ந்து போனது. மூடுவதை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். "அண்ணே, கலக்கிட்டீங்க!" என்று கட்டிப்பிடித்தார்கள். இந்த ஊரிலேயே இன்னும் ஒரு வருடம் தன்னை இருத்திக்கொண்டது வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவளிடமிருந்து செய்தி: "எப்படிப் போச்சு?"

'கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள்' என்று ஒரு முடிவு... (வேண்டாம். அவள் வரவில்லை.)

'நல்லபடியா முடிஞ்சுது' என்று தட்டினார். அழித்தார். 'வேலையை விட்டுட்டு வரவா?' என்று தட்டினார். உள்ளே அவரை நம்பி அத்தனை பேர் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் அனுப்பும் பொத்தான்மேல் நிற்கிறது.

ஒரு வாரமாக அவரை அப்படியே நிற்கவைத்திருக்கிறேன். அழுத்தச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அழிக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. நீங்கள் அவர் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். ஏதாவது சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், பேருந்துகள் உறுமிக்கொண்டிருக்கின்றன.