வெள்ளைப் பிடியில் ஒரு கட்டைவிரல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் முன் இருக்கைக்காரர்கள் இருவர் சொல்லிச் சிரித்தார்கள்; பின்னாலிருந்து களவாடினேன். எங்கள் கல்லூரிச் சஞ்சிகையில் நகைச்சுவைப் பக்கம் காலியாக இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளன் நான்.

முதல் தொடக்கம்: பனிமூட்டம் கவிந்த மலைச்சாரலில்...

(வேண்டாம். இங்கே அது தினமும்தான் கவிகிறது.)

இரண்டாவது: தொரையின் கைத்துப்பாக்கிக்கு அழகுமுத்து பொட்டு வைத்தான்.

இது பரவாயில்லை.

2

அழகுமுத்து, தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவின் சமையல்காரன். ஆயுத பூசையன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி முதல் தொரையின் கார் வரை எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தாகிவிட்டது. துப்பாக்கியை மட்டும் ஒதுக்கலாமா? தொரை நுவரெலியா கிளப்புக்குப் போயிருந்தார். கேட்காமல் எடுத்தான். எண்ணெயில் குழைத்த குங்குமம் வெள்ளைப் பிளாஸ்டிக் பிடியில் ஊறிவிட்டது. வெறுந்துணிக்குப் போகவில்லை.

"சோப்புத் தண்ணியில தொடைங்க மாமா," என்றாள் பேச்சியம்மா. பங்களா கூட்டுபவள், அவன் மனைவியின் தங்கை.

"போடி. சீமைத் துப்பாக்கி இது. ஒன் சட்டிபானைன்னு நெனச்சியா?"

[இந்த இடத்தில் எல்லாம் என் கையில் இருந்தது. சோப்புத் தண்ணீர் கொடுத்திருந்தால் கறை போயிருக்கும், கதையும் போயிருக்கும். மண்ணெண்ணெய் கொடுத்துப் பார்த்தேன், நாற்றம்தான் மிச்சம். ஆகவே தொரைசாணி நகச்சாயம் அழிக்கும் மருந்தை அவன் கைக்கு எட்டும்படி வைத்தேன்.]

கறை போனது. பிடியும் இளகியது. அழுத்திப் பிடித்திருந்த அவன் கட்டைவிரல் பள்ளமாகப் பதிந்து, அப்படியே இறுகிவிட்டது.

பஸ்ஸில் இங்கேதான் சிரித்தார்கள். நானும்.

3

"யார் செஞ்சது?" என்றார், கிளப்பிலிருந்து திரும்பிய தொரை.

"பேச்சியம்மாங்க," என்றான் அழகுமுத்து.

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். அவனுக்குப் பிள்ளைகள் உண்டு. அவளுக்கும் உண்டு, புருஷன்தான் இல்லை.

இங்கே தொரையைத் துப்பறிய விட்டேன்: பள்ளத்தில் பேச்சியம்மாவின் விரலை வைத்துப் பார்க்கிறார், அது சின்ன விரல், ஆகவே...

அந்த வரியை அடித்துவிட்டேன். காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசையாக நிற்கும் ஆட்களின் முகத்தையே பார்க்காத மனிதர், விரலையா பார்ப்பார்?

"நீயா?" என்றார் அவளிடம்.

"மாமாவையே கேளுங்க தொரை."

4

முடிவு ஒன்று: "இல்லங்க தொரை, நான்தான்." எழுதியதும் அழகுமுத்து மிக நல்லவனாகிவிட்டான். எனக்கு அவனை அவ்வளவு தெரியாது.

முடிவு இரண்டு: "ஆமாங்க, அவதா

பஸ்ஸில் முடிவையும் சொன்னார்கள். அதற்கும் சிரித்தேன். அதனால் இங்கே எழுதமாட்டேன். நகைச்சுவைப் பக்கம் காலியாகவே போகட்டும். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும்: அவனைப் பார்த்துச் சிரிக்கப் போகும் உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் அவள் நிற்கிறாள்.

தொரை மறுபடி கேட்டாயிற்று. அழகுமுத்து கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருக்கிறான்.

"வாயத் தொறங்க மாமா," என்கிறாள் பேச்சியம்மா. "தொரை கேக்குறாருல்ல?"