மொராரியாவின் கற்கள்

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிய பிறகும் மைதீன் பிச்சையின் வீட்டில் ஒரு முடிவும் ஆகவில்லை. மகன் நவாஸ் போய்விட்டான். அவனை எங்கே அடக்குவது என்பதுதான் பேச்சு.

நவாஸ் லிஸ்பன் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுக்களையில் வேலை பார்த்தவன். வேலை விட்டு அறைக்கு ஏறும் படிக்கட்டுத் தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவனோடு தங்கியிருந்த செட்டியார்பட்டி ரஃபீக்தான் போனில் தகவல் சொன்னான். அந்தப் போன் இப்போது கூடத்து நாற்காலியில், ஸ்பீக்கர் போட்டபடி கிடந்தது.

"மாமா, அங்க அனுப்பணும்னா ஏகப்பட்ட பேப்பர் வேலை. எப்ப முடியும்னு யாருக்கும் சொல்லத் தெரியல. அதுவரைக்கும் ஐஸ் பெட்டிதான். இங்கயே அடக்கணும்னா வீட்டுல ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும்."

"அனுப்பு," என்றார் மைதீன் பிச்சை. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்; ஒரு தடவை சொன்ன விலையை மாற்றிச் சொல்லி அறியாதவர். "எங்க அத்தா கபருக்குப் பக்கத்துல எடம் கெடக்கு. கண்காணாத ஊருல அநாதையாப் போட்டு மூடவா பெத்தேன்?"

உள்ளறையில் மாமியார் நூர்னிசாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள் நவாஸின் மனைவி ஃபரீதா. புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் உட்கார்த்தியாகிவிட்டது. வெளியாட்கள் முன் வரக்கூடாது. ஆனால் கூடத்தில் பேசுவதெல்லாம் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டுதான் இருந்தது.

கண்காணாத ஊரா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, மதுரையைத் தாண்டாத ஃபரீதாவுக்கு அந்த ஊரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். வேலை விட்டு நடக்கும்போதெல்லாம் நவாஸ் போனைத் தெருப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே வருவான். அவன் இருந்த பேட்டைக்கு மொராரியா என்று பேர். மேலே கோட்டை. கோட்டைக்கு வடக்கே, வெயில் விழாத சரிவில், ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள். "நம்ம ஊரு சஞ்சீவி மலையில வீடு கட்டுன மாதிரி இருக்குல்ல?" என்பான். சுவரெல்லாம் பூப்போட்ட ஓடு. எதிரெதிர் ஜன்னலில் காயும் துணி. சந்து முனையில் மஞ்சள் டிராம் கிறீச்சிட்டுத் திரும்பும். வங்காளதேசத்துக்காரன் மளிகைக் கடை, நேபாளி டீக்கடை, சீனாக்காரன் துணிக்கடை. அதற்கு நடுவே ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி. வாடகைக்கு இருந்த அவளைக் கிளப்பிவிட்டு அந்த வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் வருத்தப்பட்டான்.

கதையும் சொல்வான். ஒரு காலத்தில் அந்த ஊரை முஸ்லிம்கள் ஆண்டிருக்கிறார்கள். கோட்டையைப் பிடித்த கிறிஸ்தவ ராஜா, தோற்றவர்களை மதிலுக்கு வெளியே இந்த நிழல் சரிவில் இருந்துகொள்ளச் சொன்னானாம். சட்டி பானை வனைந்தும் பாய் முடைந்தும் பிழைத்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆனபின் வேறொரு ராஜா வந்து, மதம் மாறு, இல்லை ஊரைவிட்டுப் போ என்றுவிட்டான். ஜனம் போயிற்று, பேர் மட்டும் நின்றது.

"இங்க நம்மாளுக அடக்குற மையவாடி இருந்துச்சாம் ஃபரீதா. வெரட்டிவிட்ட கையோட கபர்க் கல்லையெல்லாம் பேத்து, ஆஸ்பத்திரி கட்டக் குடுத்துட்டானாம் ராஜா. நான் செத்தா என் கல்லு எந்த ஆஸ்பத்திரி வாசப்படியோ!"

"வாயக் கழுவுங்க மொதல்ல," என்று அன்றைக்குத் திட்டினாள்.

கூடத்தில் ஜமாத் தலைவரின் குரல் கேட்டது. "மவுத்தான எடத்துல அடக்குறது நல்லதுதான் மைதீன். சுருக்கா அடக்கணும்ல. ஆனா எடம் எப்படின்னு தெரியணும். ஒம் மருமகளக் கேளு."

மைதீன் பிச்சை கதவருகே வந்து நின்றார். "ஏம்மா, ஒங்கிட்டதான தெனமும் பேசுவான். அது என்ன மாதிரி எடம்?"

ஃபரீதா எழுந்து உட்கார்ந்தாள். கல்லைப் பேர்த்த கதையைச் சொன்னால் போதும். மாமா ஒரு கணம் யோசிக்கமாட்டார். நவாஸ் வீடு வருவான், அந்த முகத்தை ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் எப்போது வருவான்? மார்கழியில் இரண்டு போர்வை கேட்கிறவன். அங்கே போன முதல் குளிருக்கு, "ஐஸ் பெட்டிக்குள்ள படுத்துருக்கேன்" என்று போனில் பல் கிடுகிடுக்கச் சொன்னவன்.

"நம்ம ஆளுக எடந்தான் மாமா," என்றாள். "அந்தப் பேட்டைக்குப் பேரே முஸ்லிம் தெருன்னுதான் அர்த்தமாம். பள்ளி இருக்கு. பாங்கு சொல்றதப் போன்ல கேட்டுருக்கேன்."

"எம்புட்டு நாளா இருக்காகளாம்?" தலைவர் அங்கிருந்தே கேட்டார்.

"எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தியே இருந்துருக்காக."

"அட! அப்பக் காயல்பட்டினம் கீழக்கரை கணக்கா நம்ம பழைய ஊருன்னு சொல்லு. அன்னையிலருந்து விடாம இருக்காகளா?"

நடுவில் ஐந்நூறு வருஷம் ஒருத்தரும் இல்லை. ஃபரீதா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

மைதீன் பிச்சை கதவை விட்டுக் கூடத்து நாற்காலிக்குப் போனார். பிறகு போனைப் பார்த்து, "அடக்கிருங்கப்பா," என்றார். முதல் தடவையாக, சொன்ன சொல்லை மாற்றிச் சொன்னார்.

அடக்கத்தைப் போனில் பார்த்தார்கள். அது மொராரியாவே இல்லை. ஊருக்கு வடக்கே, பொது மயானத்தில் முஸ்லிம்களுக்கு விட்ட ஒரு மூலை. மழை தூறிக்கொண்டிருந்தது. குழியைச் சுற்றிச் சேறு. போன் ஆடியதில் முகம் சரியாகத் தெரியவில்லை. "அவன் தெருவுலதான வச்சிருக்காக?" என்று நூர்னிசா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஃபரீதா தலையை ஆட்டினாள்.

சில வாரம் கழித்து, கபர் மண் அமர்ந்ததும் ரஃபீக் கூப்பிட்டான்.

"மைனி, தலைமாட்டுல கல்லு வைக்கணும். பேரு தமிழ்லயும் எழுதட்டுமா?"

"கல்லு வேணாம் தம்பி."

"என்ன மைனி இப்படிச் சொல்றீக? அடையாளத்துக்கு ஒண்ணு வேணாமா?"

"ஒரு செடிய வச்சு விடுங்க."

"என்ன செடி?"

"எதாச்சும். பேத்து எடுத்துட்டுப் போயி எவனும் எதையும் கட்ட முடியாதுல்ல."

ரஃபீக்கின் பின்னால் டிராம் திரும்பும் சத்தம் கேட்டது. "ஒங்ககிட்டயும் சொல்லிட்டானா அந்தக் கதைய?" என்றான். "எங்ககிட்டச் சொல்லிட்டு அப்படிச் சிரிச்சான் மைனி."

போனை வைத்ததும் நூர்னிசா கேட்டாள். "ஏட்டி, கல்லப் பத்தித்தான பேசுன? நல்ல கருங்கல்லாப் பாத்து வைக்கச் சொன்னியா? நாளப்பின்ன யாராச்சும் போனா எம்புள்ள எங்கன்னு தெரியணும்."

"சொல்லிருக்கேன் மாமி."

"பேரு எழுதச் சொன்னியா?"

"எழுதச் சொல்லிருக்கேன்."

நூர்னிசா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அது போதும்," என்றாள். "கல்லு இருந்துச்சுன்னா ஆளு இருக்க மாதிரி."