நூறு சதவீத வருகை

பதினான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர், அதில் பாதிக் காலத்தை வராதவனுக்காக ப்ராக்ஸி கொடுக்கிற பையன்களைப் பிடிப்பதிலேயே கழித்தவர், நாற்பது வயதில் கடல் கடந்து போய் மாணவராகி, தானே இன்னொருவனுக்கு ப்ராக்ஸி கொடுத்தார். கேள்விப்பட்டால் அவருடைய பழைய மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது சிரிக்கிற விஷயமாக இருந்தது இரண்டே நாள்தான்.

எல்லோரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் உங்கள் ஆங்கிலம் போதாது, எங்கள் மொழி மையத்தில் ஆறு மாதம் படித்துத் தேறுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு நிபந்தனை. அதே நிபந்தனையோடு அவர் மனைவியின் தம்பியும் உடன் வந்திருந்தான். அவன் ஏசி மெக்கானிக். டிப்ளமோ படிக்க வந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே குக்கர். விமான நிலையத்தில் மனைவி தம்பியின் கையைப் பிடித்து இவர் கையில் வைத்து, "உங்களை நம்பித்தான் இவன அனுப்புறேன்" என்று அழுதாள். கல்யாணத்தன்று பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட அவள் அவ்வளவு அழவில்லை.

மைத்துனனுக்கு ஆங்கிலம் என்றாலே வேப்பங்காய். கம்ப்ரஸரின் இரைச்சலை வைத்தே கோளாறு சொல்லிவிடுகிற காது, ஹெட்போனுக்குள் பேசுகிறவர்களை மட்டும் உள்ளே விட மறுத்தது. மையத்தில் ஆளுக்கொரு நீல நோட்டுக் கொடுத்திருந்தார்கள். மேலே மையத்தின் முத்திரை, கீழே பெயர் எழுத ஒரு கோடு. ஐந்து மாதமாகியும் அவன் அந்தக் கோட்டை நிரப்பவில்லை.

"பேர எழுதுடா மாப்ள. தொலைஞ்சுபோனா யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"தொலைஞ்சா நல்லதுதானே அத்தான்" என்பான். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார்.

கடைசி இரண்டு வாரம் வகுப்புகள் கிடையாது. காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை மொழி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேட்பதும் பேசுவதுமாக அவரவரே பரீட்சைக்குத் தயாராக வேண்டும். பெயர் கூப்பிட ஆசிரியர் வரமாட்டார். வாசலில் இருக்கும் இயந்திரத்தில் அடையாள அட்டையை வைத்தால் 'டிங்' என்று பச்சை விளக்கு எரியும். சின்னத் திரையில் புகைப்படம் வந்து போகும். அவ்வளவுதான் வருகைப் பதிவு. மூன்று நாள் தொடர்ந்து ஒருவருக்குப் பச்சை விளக்கு எரியாவிட்டால் அலுவலகத்திலிருந்து போன் வரும், அறைக்கு ஆள் வரும், அப்புறம் போலீஸுக்குத் தகவல் போகும் என்று விதிப் புத்தகத்தில் போட்டிருந்தது. மாமனும் மச்சானுமாக இருவரும் அதை மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு வாரம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே மைத்துனன் ஆரம்பித்தான்.

"அத்தான், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"பீடிகையே பலமா இருக்கே. என்ன?"

"பஸ்ல மூணு மணி நேரம் போனா காய்கறி வைக்கிற கோல்டு ஸ்டோரேஜ் ஒண்ணு இருக்கு. மூணு கம்ப்ரஸர் படுத்துக்கிச்சாம். பாக்க வர்றியான்னு கேட்டாங்க. நாலே நாள். வியாழக்கிழமை சாயங்காலம் வந்துருவேன்."

"அனுமதி இல்லாம வேலைக்குப் போறது தெரிஞ்சா மூட்டை கட்டி அனுப்பிருவாங்கடா. உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"காசுக்காகப் போகல அத்தான். ஸ்பேனர கையில பிடிச்சு அஞ்சு மாசமாச்சு. அந்த ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்தா, நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு. நாலு நாள் மனுஷனா இருந்துட்டு வந்துர்றேன்."

கரும்பலகை முன்னால் நின்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வலி வாத்தியாருக்கும்தான் இருந்தது. மைத்துனன் தன் அடையாள அட்டையை அவர் கையில் வைத்தான். அவர் பதிலுக்கு நீல நோட்டை எடுத்து அவனுடைய டூல் பையில் செருகி, "பஸ்ல சும்மாதான உக்காந்திருப்ப, நாலு வார்த்தை படி" என்றார்.

திங்கட்கிழமை காலை இயந்திரத்தில் தன் அட்டையை வைத்தார். டிங். பின்னால் யாருமில்லை என்று பார்த்துவிட்டு அடுத்த அட்டையை வைத்தார். டிங். மைத்துனனின் முகம் திரையில் தோன்றிச் சிரித்தது. மூலையில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் இரண்டைப் பிடித்து, ஒன்றில் தன் பெயரிலும் ஒன்றில் மைத்துனன் பெயரிலும் உள்ளே நுழைந்தார். ஆய்வக உதவியாளர் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. என் வகுப்பில் இப்படி நடந்திருந்தால் தோலை உரித்திருப்பேன் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

தினமும் ஒரு பேச்சுப் பயிற்சி உண்டு. 'நேற்று என்ன செய்தீர்கள்? மூன்று நிமிடம் பேசுங்கள்' என்று திரை கேட்கும்; பேசுவது பதிவாகும். தனக்குப் பேசி முடித்துவிட்டு, குரலைச் சற்று மாற்றி மைத்துனனுக்கும் பேசினார். நேற்று நான் துணி துவைத்தேன், சமைத்தேன், பூங்காவில் நடந்தேன் என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டார். தனக்காகப் பேசும்போது வராத சரளம் அவனுக்காகப் பொய் சொல்லும்போது வந்தது.

அன்று மாலை மைத்துனன் போன் செய்தான். "ஒண்ணு ஓட ஆரம்பிச்சிருச்சு அத்தான்! முதலாளி முதுகுல தட்டி என்னமோ சொன்னாரு. ஒரு எழவும் புரியல, ஆனா நல்லதாத்தான் இருக்கும்." அவன் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று.

செவ்வாய் மாலை அவன் போன் அணைந்திருந்தது. சார்ஜர் எடுத்துப் போயிருக்க மாட்டான், கழுதை, என்று வாத்தியார் சொல்லிக்கொண்டார். புதன் முழுக்க அணைந்தே இருந்தது. கழுதை என்று திட்டத் தோன்றவில்லை. புதனும் டிங் என்றது, பச்சை விளக்கு எரிந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வகத்துக்குள் கண்ணாடியம்மா வந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் அலுவலக அம்மாள். அந்தப் பெயரை வைத்தது மைத்துனன்தான். எல்லோரையும் ஹெட்போனைக் கழற்றச் சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக மெதுவாக, கனிவாகப் பேசினாள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இந்த வாரம் வராமல் இருக்கிறார்களா? அறைத் தோழர், சொந்தக்காரர், யாராக இருந்தாலும் சரி. பயப்பட வேண்டாம், யார்மேலும் நடவடிக்கை கிடையாது, என்னிடம் தனியாகச் சொன்னாலும் போதும்.

வாத்தியார் மைத்துனனின் பெயர் தெரிந்த திரையைச் சற்றே தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதே சமயம் உள்ளுக்குள் ஒரு இளக்காரச் சிரிப்பும் வந்தது. இந்த வித்தையை யாரிடம் காட்டுகிறாள்? இவரே நூறு தடவை செய்ததாயிற்றே! 'யார்ரா வரல? சொல்லுங்க, அடிக்க மாட்டேன்' என்று தேனாகக் கேட்டு, எவனாவது வாயைத் திறந்ததும் பிரம்பை எடுத்த கை அல்லவா இது? மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே அவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவளுடைய பார்வை அவர் பக்கம் வந்தபோது, எல்லோரும் வந்திருக்கிறார்களே என்பது போலத் தலையை ஆட்டினார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மைத்துனன் வரவில்லை. கடைசி பஸ் வரைக்கும் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமை அவன் அலமாரியைக் குடைந்ததில் ஒரு துண்டுச் சீட்டில் கோல்டு ஸ்டோரேஜ் எண் கிடைத்தது. அடித்தார், மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமையும் அப்படித்தான். அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைப்பார். சொன்னால் அவன் படிப்பு போச்சு. இவர் செய்தது கள்ளக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம், இவர் படிப்பும் போச்சு. நாளைக்கு வந்து நின்று, அத்தான் ஏன் அவசரப்பட்டீங்க என்று கேட்பானே? இப்படிச் சப்பைக்கட்டுக் கட்டிக்கட்டியே நாள்கள் போயின.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

"தம்பி ஏன் போனே எடுக்க மாட்டேங்குறான்?"

"போன் கெட்டுப்போச்சு. ரிப்பேருக்குக் குடுத்திருக்கான்."

"சரி, உங்க போன அவன்கிட்ட குடுங்க. ரெண்டு நாளா மனசே சரியில்ல எனக்கு."

"தூங்குறான்."

"இந்நேரத்துலயா? சாப்டானா?"

"சாப்டான், சாப்டான். பரீட்சைக்கு ராத்திரியெல்லாம் படிக்கிறான்ல."

"அவனா?" என்று அவள் சிரித்துவிட்டாள். சிரித்தாள் என்பதாலேயே நம்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். போனை வைத்த பிறகு அந்த வெறுங் கட்டிலைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை திரை வழக்கம்போலக் கேட்டது. அவர் மைத்துனனாகப் பேசினார். பேசும்போது குரல் நடுங்கியது, ஆனாலும் மூன்று நிமிடத்தையும் நிரப்பினார். அன்று மாலை கோல்டு ஸ்டோரேஜில் போனை எடுத்துவிட்டார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியங்களை வாத்தியார் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்சம் தயங்கினார். அவனா? கெட்டிக்காரன், நாலு நாள் வேலையை இரண்டே நாளில் முடித்துவிட்டான். செவ்வாய் சாயங்காலமே கிளம்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனானே. உங்களிடம் வந்துவிட்டான் என்றல்லவா நினைத்தேன்.

மறுநாள் காலை வாத்தியார் ஆய்வகத்துக்குப் போகவில்லை. கண்ணாடியம்மாவின் மேஜைமேல் மைத்துனனின் அட்டையை வைத்தார். ஒரு வாரமாக இதை வைத்தது நான்தான், அவனைக் காணவில்லை, என்றார். படிப்பு போனால் போகட்டும் என்ற இடத்துக்கு அவர் வந்திருந்தார். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் திட்டவில்லை. அட்டையில் இருந்த படத்தை வெறித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "வியாழக்கிழமை உங்களிடமெல்லாம் வந்து கேட்டேனே" என்றாள். அன்று காலை ஒரு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அடிபட்டு நினைவில்லாமல் ஒரு இளைஞர் கிடக்கிறார், கையில் அடையாள அட்டை எதுவும் இல்லை, பையில் ஸ்பேனர்களும் உங்கள் மையத்தின் நீல நோட்டும் இருக்கின்றன, நோட்டில் பெயர் இல்லை, உங்கள் மாணவரா என்று கேட்டார்கள். வருகைப் பதிவைப் பார்த்தோம். நூறு சதவீதம். ஒருவர்கூட விடுபடவில்லை. எதற்கும் நேரில் கேட்டுவிடலாம் என்றுதான் ஆய்வகத்துக்கு வந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் மாணவர் இல்லை என்று பதில் சொல்லிவிட்டோம்.

பேசிக்கொண்டே மருத்துவமனை எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண்ணின் குரல் வந்தது. வேகமாகத்தான் பேசியது. ஐந்து மாதமாகக் கேட்கும் பயிற்சியில் பாதி மார்க்கைத் தாண்டாத வாத்தியாருக்கு அன்றைக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை. செவ்வாய் மாலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஏதோ வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. போன் நொறுங்கிப் போயிருந்தது. சனிக்கிழமை அவர் கண் விழித்தார். வெகு நேரம் பேசினார். யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எந்த மொழி என்றே இங்கே யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர் எவராவது கிடைப்பாரா என்று தேடினோம், கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இறந்துவிட்டார். இன்னும் பெயர் தெரியாமல்தான் வைத்திருக்கிறோம்.

கண்ணாடியம்மா கம்ப்யூட்டரில் மைத்துனனின் பதிவைத் திறந்திருந்தாள். அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. இறந்தது ஞாயிற்றுக்கிழமை என்கிறார்களே, நேற்றுத் திங்கட்கிழமை இந்த மாணவர் பேசியிருக்கிறாரே, என்று ஒரு பொத்தானைத் தட்டினாள். ஆய்வகத்து இரைச்சலுக்கு நடுவே, சற்று நடுங்கினாலும் பிழையில்லாத ஆங்கிலத்தில், ஒரு குரல் நிதானமாகச் சொல்லத் தொடங்கியது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் தாமதமாக எழுந்தேன். என் அத்தானோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.

அவள் நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தாள். இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலை நிறுத்தப் போன அவள் கை அப்படியே நின்றது.

வாத்தியாரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. திரையில் மனைவியின் படம். எடுக்காமல் இருந்து பார்த்தார். நின்றுவிட்டு மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாம் தடவை எடுத்துக் காதில் வைத்தார்.

"என்னங்க, தம்பி எந்திரிச்சிட்டானா?"