உப்பிப்போன அப்பம்

ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் அவள்தான் தேவாலயத்தின் திருவிருந்துக்கு அப்பம் சுட்டுக் கொடுப்பவள். மாவு, தண்ணீர், துளி உப்பு, அவ்வளவுதான். உப்ப வைக்கும் எதுவும் அதில் சேரக் கூடாது. ஆனால் அந்த அப்பத்தை அவளே வாயில் வைத்து வெகுநாளாயிற்று. குழாய் வேலை செய்யும் புருஷன் வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். உள்ளே விட்டாள், சாப்பாடும் போட்டாள். மனதில் கசப்பை வைத்துக்கொண்டு கர்த்தருடைய பந்தியில் முழங்கால் போடத்தான் அவளால் முடியவில்லை. நாளைக்காவது போகவேண்டும் என்று சனிக்கிழமைதோறும் ஏங்குவாள். ஞாயிறு வந்தால் கால் எழும்பாது.

அவனோ நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒழுகாத குழாயைக்கூடக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"வாய்க்கு வாஷர் போட்டு முறுக்கி வச்சிருக்கியாடா?" என்று கேட்டாள் கூடவே இருந்த அவன் அக்கா.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாவைப் பிசைந்து மூடிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். வந்து தட்டி, கத்தி முனையால் சிலுவைக் கோடு கீறி, அடுப்பில் வைத்தாள். எடுத்துப் பார்த்தால் அப்பம் பன் மாதிரி உப்பி நின்றது. கோடு போன இடம் தெரியவில்லை.

"கடையில மாவை மாத்திக் குடுத்துட்டாங்களோ?" என்று டப்பாவைத் திறந்து முகர்ந்தாள்.

"மாவு இல்ல. நான்தான்," என்றான் கதவோரம் நின்ற புருஷன். "பேக்கிங் பவுடர் ஒரு கரண்டி போட்டுப் பிசைஞ்சேன். மெத்துன்னு வந்தா உனக்கு நல்ல பேரு கிடைக்குமேன்னு..."

அக்கா தலையில் கை வைத்தாள். "பொறந்ததுலேர்ந்து கோயிலுக்குப் போறவன். அப்பத்தைக் கேக்கா மாத்திட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கையும் களவுமாகப் பிடித்தபோதுகூட 'வேலை இருந்துச்சு' என்று சாதித்த மனுஷன், இன்று கேட்குமுன்னே சொல்கிறான்.

"மத்ததையும் சொல்லுங்க."

அக்கா சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

"யாரும் என்னை இழுத்துட்டுப் போகல," என்றான் தரையைப் பார்த்தபடி. "நானாத்தான் போனேன். உன்கிட்ட பொய் சொன்னேன். நீ அழுவேன்னு தெரிஞ்சே சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

அவள் அழுது ஓயும்வரை அவன் பக்கத்திலேயே நின்றான்.

"இன்னும் வலிக்குதுங்க," என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா மன்னிச்சிட்டேன். இனி சொல்லிக் காட்ட மாட்டேன். போய்க் கையைக் கழுவிட்டு வாங்க, வேற மாவு பிசையணும்."

மறுநாள் போதகர் பந்திக்கு அழைத்ததும் அவள் எழுந்தாள். அவன் பெஞ்சிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"வாங்க," என்றாள் மெதுவாக. "ஒண்ணாப் போவோம்."

முன்னால் போய் முழங்கால் போட்டாள். அவனுக்கும் இடம் இருக்கும்படி கொஞ்சம் நகர்ந்துகொண்டு, அப்பத்தை வாங்க உள்ளங்கையை நீட்டினாள்.