கொசு டாக்டரின் இடது கை

தெருவே அவளைக் கொசு டாக்டர் என்றுதான் கூப்பிடும். அதில் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை, கண்ணுகளா. ஆட்டையும் மனிதரையும் ஒன்றுபோலக் கொல்கிற ஒரு கொசுக் காய்ச்சல். அதற்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கப் பாதி ஆயுளைக் கொடுத்தவள். கிருமியில்லாத கொசு வளர்க்கும் அறையில், காலைதோறும் இடது கையைக் கூண்டுக்குள் நீட்டுவாள். அசைந்தால் கொசுக்கள் இரத்தம் குடிக்காமல் பறந்துவிடும். அதனால் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அவை வயிறு நிரம்பி எழும்வரை சிலையாக நிற்பாள்.

அன்று வேலை வேறு அறையில். கிருமி ஏற்றிய கொசுக்களை வலை கட்டிய கிண்ணத்தில் அடைத்து, ஊசி பலிக்கிறதா என்று பார்க்க, தடுப்பூசி போட்ட ஆட்டின் மழித்த வயிற்றில் கவிழ்த்திருந்தாள். கூட வேலை பார்க்கும் ஆட்டு டாக்டர் ஆட்டைப் பிடித்திருந்தான். ஆடு ஒரு தும்மல் போட்டது. வலை நழுவியது.

"அக்கா, ஒண்ணு வெளிய போயிடுச்சு!"

"கத்தாதே. கதவைத் திறக்காதே."

அது அகப்படும்வரை யாரும் வெளியேறக் கூடாது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளை உடுப்பு, எல்லாம் கொசு பளிச்சென்று தெரியத்தான். தெரிந்தால்தானே!

"ஆட்டுக்குச் சளின்னு நேத்தே சொன்னேனே, கேட்டியா?"

"சளி இல்லக்கா, உங்க பவுடர் வாசனை."

"கொசுவுக்குப் பிடிக்காதுன்னு பவுடரையே மறந்தவடா நான்."

அவன் மேசைக்கடியில் குனிந்தான். அவள் விளக்கின் விளிம்பைத் தடவ இடது கையை உயர்த்தினாள். உயர்த்திய கை அங்கேயே நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா... உங்க கை!"

கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு விரல் அகலத் தோல். அதில் கொசு, வயிறு சிவந்து புடைத்து.

"அடிங்கக்கா!"

அவள் அடிக்கவில்லை. மூச்சு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கொசு தானாக எழுந்து சுவரில் உட்கார, அவன் ஒரு கண்ணாடிக் குழாயை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்தான்.

"குத்தினப்பவே தெரிஞ்சுதுடா," என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "கை நகரவே இல்ல."

அவளை இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சுவர் போனை எடுத்தான். மனிதருக்கு முதன்முதலாக ஊசி போட்டுப் பார்த்தபோது அவளும் கை நீட்டியிருந்தாள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது அவளுக்கே தெரியாது. ஆபத்து என்றால் மட்டும், அந்தப் பட்டியலை வெளியே வைத்துக் காக்கும் அதிகாரி சொல்வார்.

போனை வைத்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உப்புத் தண்ணிக்கா."

"அப்பாடா!"

"அப்பாடாவா?"

"எனக்குக் காய்ச்சல் வந்தா, ஊசி தோத்துப்போச்சுன்னு எவனும் சொல்ல முடியாதுல்ல?"

சொன்ன பிறகுதான் 'எனக்குக் காய்ச்சல்' என்ற வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. ஆட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பள்ளிக்கூட வாசல்ல என் பொண்ணு நிப்பா. என்னை இப்ப வெளிய விடமாட்டாங்க, நீ போய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அம்மாவுக்கு வேலைன்னு மட்டும் சொல்லு."

அவன் தலையாட்டினான். அவளுடைய இடது கை இன்னும் கூண்டுக்குள் இருப்பதுபோல நீட்டியபடியே இருந்தது. அவன்தான் அதை மெல்லப் பிடித்து அவள் மடியில் வைத்தான்.