பட்டியலில் ஏறிய தாடிக்காரன்

ஜெர்மன்காரரிடம் "இல்லை" என்று சொல்ல அன்ரனிற்றா ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற தொழிலில் அந்தச் சொல்தான் பாதி வேலை. சம்பளத்தைச் சேர்த்து, லீவு எடுத்து, ஸ்பெயின்வரை வந்து, விடியற்காலைக் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்கிற மனுசர், தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலே தாங்கள் தேடிவந்தது அதுதான் என்று அடம்பிடிப்பார்கள். அவள் தொலைநோக்கிக்குள் குனிந்து பார்ப்பாள். நிமிர்ந்து, இல்லை, இது வேறு என்பாள். முகம் தொங்கினால் தொங்கட்டும். அவள் "ஓம்" என்றால் ஓம்தான் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

ஆனால் பாருங்கள், அதே அன்ரனிற்றா ஜெர்மனியின் கொலோன் நகரில் தமிழ் வீடொன்றுக்குப் போனால் மூன்றாவது தேத்தண்ணியையும் வேண்டாமென்று சொல்லமாட்டாள். வயதில் மூத்தவர் ஒருவர் பிழையாக ஏதாவது சொன்னால் தலையாட்டிவிட்டு வருவாள். முப்பத்துமூன்று வயது, பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொலோன், உயிரியலில் முதுகலை. என்ன படித்து என்ன? "அன்ரி, நீங்கள் சொல்லுறது பிழை" என்ற நாலு சொல் அவளுடைய வாயில் வராது.

அந்தக் கோளாறுதான் றோசம்மா அன்ரியின் விஷயத்தில் வந்து விழுந்தது.

றோசம்மா மன்னாரிலிருந்து வந்து, கொலோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் முழங்காலுக்காக நடக்கச் சொன்னார்கள். ரைன் ஆற்றங்கரையில் நடந்தவர் நாரையைக் கண்டார், கொக்கைக் கண்டார், பிறகு ஒரு பைனாகுலர் வாங்கினார். அதோடு தொலைந்தார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கிற பெண்கள் "றோசம்மாக்கா, இந்தக் கிழமை எத்தினை குருவி?" என்று நையாண்டி பண்ணுவார்கள். அவர் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போவார்.

அன்ரனிற்றா வேலை செய்த நிறுவனம் ஒவ்வொரு மே மாதமும் ஒரு பயணம் நடத்தியது. முதல் நான்கு நாள் ஸ்பெயினில் எப்ரோ ஆறு கடலில் விழுகிற சதுப்பு நிலம், பிறகு மூன்று நாள் பிரனீஸ் மலை. போன வருடம் றோசம்மா அதற்குப் பதிந்தார். பிரனீஸ் என்றதும் பூசைப் பெண்கள் அவர் லூர்து மாதாவிடம்தான் போகிறார் என்று நினைத்து, தீர்த்தத்துக்கு வெறும் போத்தல்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாதா இருப்பது மலையின் பிரான்ஸ் பக்கம், தான் போவது ஸ்பெயின் பக்கம் என்று விளங்கப்படுத்துவதற்குள் அவருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. லூர்துக்கு மூன்று தரம் பஸ்ஸில் போயிருக்கிறாராம். ஒரு தரம்கூட தலையை நிமிர்த்தி மலையைப் பார்க்கவில்லையாம். அதை வான் வண்டியில் வரும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

போகுமுன்னர் அவர் அன்ரனிற்றாவைத் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். கண் டொக்டர் சொல்லிவிட்டார், பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, இடக்கண் போய்விட்டது, வலக்கண்ணுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கலாம். எலும்பைப் பாறையில் போட்டு உடைத்துத் தின்கிற அந்தப் பெரிய தாடிக் கழுகை ஒரே ஒரு தரம் பார்க்கவேண்டும். ஜெர்மன் பெயர் பார்ட்கையர். றோசம்மா அதற்குத் தாடிக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்.

"கண் போறதுக்கு முதல் தாடிக்காரனைக் காட்டிவிடு பிள்ளை. வேற ஒண்டும் கேக்கேல்லை," என்றார்.

சதுப்பு நிலத்தில் நாலு நாளும் நன்றாகவே போயின. அங்கே நெல்வயல்கள் உண்டு. வயலைக் கண்டதும் அன்ரி ஊர்க்கதை தொடங்கப்போகிறார் என்று அன்ரனிற்றா பயந்தாள். அவரோ வயலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, வரம்பில் நின்ற செந்நாரையைத்தான் பார்த்தார். ஒவ்வொரு நாளும் இராச்சாப்பாட்டுக்கு முன் பட்டியல் வாசிப்பது இந்தப் பயணங்களின் வழக்கம். அன்ரனிற்றா பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பாள். கண்டவர் கை உயர்த்தித் தன் குறிப்புக் கொப்பியில் சரி போடுவார். காணாததற்குச் சரி போடுவது இந்த ஆட்களிடையே களவெடுப்பதற்குச் சமன். றோசம்மாவின் கொப்பியில் மட்டும், அவருக்குக் கோடு தெரியாததால், அன்ரனிற்றாவே பெரிய எழுத்தில் பெயரை எழுதிச் சரி போட்டாள்.

மலையில் முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் பாதி மூட்டம். எட்டுப் பேர் ஒரு பாறை விளிம்பில் காலையிலிருந்து நின்றார்கள். பதினொரு மணியளவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஒரு கழுகைக் காட்டி இதுதான் அது என்றார். வால் குட்டை, சிறகு அகலம், சாதாரணப் பிணந்தின்னிக் கழுகு. அன்ரனிற்றா இல்லையென்று சொன்னாள். அவர் மறுத்துப் பேசினார். அவள் மறுபடியும் இல்லையென்றாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு மற்றவர்கள் வான் வண்டியடியில் கோப்பி குடிக்கப் போனார்கள். றோசம்மா மட்டும் தொலைநோக்கியை விட்டு நகரவில்லை. கையில் செபமாலை வேறு. திடீரென்று அன்ரனிற்றாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"பிள்ளை, தாடிக்காரன்தானே?"

அவள் பார்த்தாள். காலையில் நீதிபதி காட்டிய அதே சாதி. ஒருவேளை அதே பறவையாகக்கூட இருக்கலாம். நிமிர்ந்தாள். றோசம்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஒரு நாள்தான் மிச்சம். வானிலையை நம்ப ஏலாது. அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடிய இன்னொரு நினைப்பை அவள் பிறகு ஆருக்குமே சொல்லவில்லை. இவவுக்கு எப்படியும் வித்தியாசம் தெரியாது. அதுதான் அந்த நினைப்பு. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

"ஓம் அன்ரி," என்றாள்.

அன்று பட்டியல் வாசிக்கும்போது றோசம்மா எல்லோருக்கும் முதல் கையை உயர்த்தினார். நீதிபதி புருவத்தை உயர்த்தி அன்ரனிற்றாவைப் பார்த்தார். அவள் குனிந்து கொப்பியில் பெயரை எழுதி, சரி போட்டாள். றோசம்மா அன்று மேசைக்கே ஐஸ்கிறீம் வாங்கிக்கொடுத்தார்.

அடுத்தநாள் காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. றோசம்மா வரவில்லை. முழங்கால் வலிக்கிறது, தான்தான் கண்டாயிற்றே, இனி மற்றவர்கள் காணட்டும் என்று ஹோட்டல் முற்றத்தில் கதிரையைப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டார். வாருங்கோ என்று இழுத்துக்கொண்டு போக அன்ரனிற்றாவுக்கு ஆசைதான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நேற்றுக் கண்டது அது இல்லை என்றா? ஓய்வெடுங்கோ அன்ரி என்று சொல்லிவிட்டு வான் வண்டியை எடுத்தாள்.

பத்தரை மணிக்கு அது வந்தது. தலைக்கு மேலே இல்லை, அவர்கள் நின்ற விளிம்புக்குக் கீழே, பாறையை உரசிக்கொண்டு. பழுத்த பப்பாசி நிறத்தில் நெஞ்சு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், அலகுக்குக் கீழே கறுத்த மயிர்க்கற்றை. ஒரு தரம் போய், திரும்பி வந்து, எதிர்ப்பாறையிலேயே குந்தியது. நாற்பது நிமிடம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஹோட்டலுக்கு வான் வண்டியில் பன்னிரண்டு நிமிடம். வண்டியின் திறப்புச் சாவி அவளுடைய கையில்தான் இருந்தது. போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம், ஒருத்தரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் திறப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். கழுகு எழும்பிப் போனபிறகு, அன்ரிக்கு இதைச் சொல்லவேண்டாம், கவலைப்படுவா என்று ஏழு பேரிடமும் கேட்டுக்கொண்டாள். அவர்கள் நல்ல மனுசர். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பத்து மாதம் அவள் றோசம்மாவைப் பார்க்கப் போகவேயில்லை. இரண்டு தரம் தொலைபேசி வந்தது. வேலை, பயணம் என்று ஏதோ சாட்டுச் சொன்னாள். இந்த மார்ச்சில் மூன்றாம் தரம் வந்தது. வலக்கண்ணும் போய்விட்டது, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, பூசை முடிந்து வீட்டுக்கு வாவன், ஒரு உதவி வேண்டும் என்றார். இதற்கும் போகாவிட்டால் மனிசத்தன்மையே இல்லை என்று போனாள்.

றோசம்மா தடவித் தடவித் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார். கொப்பி மேசையில் தயாராக இருந்தது. தாடிக்காரனின் முகம் தனக்கு மறந்துகொண்டு போகிறது என்றார். இராவில் படுக்கும்போது அதைத்தான் நினைப்பாராம், இப்போது நிழல் மாதிரித்தான் வருகிறதாம்.

"நீயும் பக்கத்தில நிண்டனிதானே. எப்படி இருந்தது எண்டு ஒருக்கா வடிவாச் சொல்லு. நான் மனசில வைச்சுக்கொள்ளுறன்."

அன்ரனிற்றா சொல்லத் தொடங்கினாள். கடனுக்குச் சொல்ல நினைத்தாள், முடியவில்லை. பத்து மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த பறவை தானாக வெளியே வந்தது. பப்பாசி நிற நெஞ்சைச் சொன்னாள். சிவப்பு வளையத்தைச் சொன்னாள். பாறையில் குந்தி, தலையைச் சரித்து, இறகைக் கோதி, தாடி காற்றில் ஆடியதைச் சொன்னாள். இவ்வளவாவது அன்ரிக்குக் கொடுக்கலாமே என்றுதான் சொன்னாள். றோசம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"நான் கண்டது நல்ல தூரம்," என்றார். "கறுப்பா இருந்தது. குந்தவேயில்லை. நீ இதை எப்ப கண்டனி?"

அன்ரனிற்றா இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அது வாய்வரை வந்தது.

"அடுத்தநாள், அன்ரி."

"நான் ஹோட்டலில காலை நீட்டிக்கொண்டிருந்த அண்டைக்கோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப முதல்நாள் கண்டது?"

அன்ரனிற்றா மேசையிலிருந்த கொப்பியைப் பார்த்தாள். றோசம்மாவுக்குப் பதில் தேவைப்படவில்லை. தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்று அன்ரனிற்றாவுக்குத் தோன்றியது. திட்டவில்லை.

"அந்த நீதவானுக்கு இல்லையெண்டு சொன்னனியெல்லே. எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எங்கட ஆளெல்லோ அன்ரி. உங்கட முகத்தைப் பாத்து எப்படி..."

"எங்கட ஆள்," என்றார் றோசம்மா. "இல்லையெண்டு சொல்லியிருந்தால் அடுத்தநாள் முழங்காலில தவண்டெண்டாலும் வந்திருப்பன் பிள்ளை."

அன்ரனிற்றா அழுதாள். மன்னியுங்கோ என்றாள். வேறு என்னென்னவோ சொன்னாள். இந்த மே மாதம் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுகூட வாய் தவறிச் சொல்லிவிட்டு, சொன்ன உடனேயே உதட்டைக் கடித்துக்கொண்டாள். றோசம்மா அதைக் காதில் விழாதவர்போல விட்டார். கொப்பியைத் தேடி எடுத்து, அவள் பக்கம் தள்ளினார். எனக்கு வரி தெரியாது, நீயே அதை வெட்டிவிடு என்றார்.

அன்ரனிற்றா பக்கத்தைத் திருப்பினாள். அவளுடைய கையெழுத்து, அவளுடைய சரி. பேனையை அழுத்தி இரண்டு கோடு போட்டாள்.

"வெட்டிட்டியோ?"

"ஓம் அன்ரி."

றோசம்மா கையை நீட்டிக் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். பக்கத்தில் மேலிருந்து கீழாக விரலை மெதுவாக நகர்த்தி, அழுந்திய கோடு எங்கே இருக்கிறதென்று தடவிப் பார்த்தார். அது அகப்பட்ட பிறகுதான் கொப்பியை மூடினார்.